கலைத்திறமை இல்லாதவருக்கும் கைவேலை மனசுக்கு உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். வரைவது, பின்னுவது, பாடுவது மாதிரியான அன்றாடப் படைப்பு வேலைகள் பெரியவர்களின் மனநலத்துக்கு நிஜமாகவே உதவுமா என்பது ஒன்று. பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டுவிட்ட, திறமை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத உங்களுக்கும் உதவுமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். உதவும். திறமைக்கும் இதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பெரியவர்களிடம் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டக் காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் மனம்போல எதையாவது செய்யுங்கள் என்றார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலை பழகியவர்களுக்கும் புதிதாகத் தொட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, கார்ட்டிசாலும் பொழுது ஏற ஏறத் தானாகவே இறங்குகிற சுரப்பு. அதனால் இதை மட்டும் வைத்துப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "எனக்கு வராது" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. அம்மா இறந்தது ஐப்பசியில். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கொட்டும். அது ஓய்ந்தால் பனி. பகலில் வேலை ஓடிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒரே நினைப்பு: அன்று ராத்திரியே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருந்தால்? கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது புத்திக்குத் தெரியும், மனசு கேட்கவில்லை. அண்ணிதான் ஒருநாள் இரண்டு ஊசியையும் ஒரு உல்லன் நூல் உருண்டையையும் மடியில் வைத்தார். "சும்மா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா என்ன ஆவறது? இந்தா, ரெண்டு நேராப் போடு, ரெண்டு திருப்பிப் போடு. எண்ணிக்கிட்டே போ, வேற ஒண்ணும் வேண்டாம்."

எண்ணிக்கொண்டே போனேன். பின்னுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு கண்ணி, அதாவது ஊசியில் மாட்டியிருக்கிற நூல் வளையம், நழுவினால் அதோடு நிற்காது. கீழே இருக்கிற வரிசைகளிலும் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே இறங்கும். உடனே கையை நிறுத்தி, குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, குறுக்கே கிடக்கிற நூலை ஒவ்வொரு படியாக இழுத்து மேலே கொண்டுவந்து ஊசியில் மாட்ட வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கோயம்புத்தூர் ராத்திரி உள்ளே வர இடமில்லை. துக்கம் போய்விட்டது என்று சொல்லவில்லை. அது சுற்றிக்கொண்டிருந்த வேகம் குறைந்தது, ராத்திரி தூக்கம் கொஞ்சம் முன்னதாக வர ஆரம்பித்தது.

மனச்சோர்விலும் பதற்றத்திலும் பெரிய தொல்லையே இப்படி ஒரே நினைப்பை மென்றுகொண்டிருப்பதுதான். "அதை நினைக்காதே" என்று யார் சொன்னாலும் நடக்காது. கையும் கண்ணும் எண்ணிக்கையும் சேர்ந்து வேலை செய்யும்போது நினைப்புக்குக் கிடைக்கிற கவனம் குறைகிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. மனசு சரியானதும் ஏதாவது செய்யலாம் என்றுதான் நாம் எல்லோரும் காத்திருக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதைத் திருப்பிப்போட்ட ஒரு முறை இருக்கிறது. 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிவைத்த வழி அது: உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை முதலில் தொடங்கு, மனநிலை பின்னாலேயே வரும். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் டாம்லின் கானர் குழுவினர் 658 இளைஞர்களை 13 நாள் தினமும் குறிப்பு எழுத வைத்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே திசைதான் தெரிந்தது. வழக்கத்தைவிட அதிகமாகப் படைப்பு வேலை செய்த நாளுக்கு மறுநாள் உற்சாகமும் மலர்ச்சியும் கூடியிருந்தன. முதல் நாள் மனசு நன்றாக இருந்ததால் மறுநாள் அதிகம் செய்தார்கள் என்று தலைகீழாகப் பார்த்தால் அப்படி அமையவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் பின்னல், சமையலில் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது, பாட்டு, ஓவியம் எல்லாம் இருந்தன. மேடை ஏறுகிற கலை எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் மலையில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர் பெண்கள் துணியில் பூவேலை செய்வதைப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணிமேல் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழைகளை விரலால் தடவி எண்ணி, ஊசியை விட்டு எடுக்கிறார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அவர்கள் மரபு, வருமானம், அடையாளம். யாரோ மன அமைதிக்காகக் கண்டுபிடித்த வேலை இல்லை, அப்படிச் சுருக்கவும் கூடாது. ஊட்டிப் பக்கம் ஒரு மந்தில் (தோடர் குடியிருப்புக்கு அதுதான் பெயர்), வெயிலில் துணியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் நிமிரவே இல்லை, எண்ணிக்கை முடிந்த பிறகுதான் பதில் வந்தது. அந்தக் கவனத்தைத்தான் சொல்கிறேன்.

ஆண்கள் இதைப் பெண்கள் விஷயம் என்று தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆண்கள் எத்தனை பேர் டிவி முன்னால் வாடிப்போகிறார்கள்! எங்கள் தெருவில் ஒரு மாமா, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன புதிதில் யாரோடும் பேச மாட்டார். இப்போது அவர் வீட்டு வாசலில் பழைய பெயின்ட் டப்பா, எண்ணெய் டின் எல்லாவற்றிலும் ஜெரேனியம். குச்சியை வெட்டி, வெட்டின இடம் கொஞ்சம் உலர்ந்த பிறகு மண்ணில் குத்துவார், பெரும்பாலும் பிழைத்துவிடும். செடி வளர்ப்பது மட்டும் என்றால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். காலையில் டின்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று. நான் வேலைக்குப் போகும்போது கூப்பிடுவார்: "ஏம்மா, சிவப்பப் பின்னாடி தள்ளிட்டேன், இப்ப எப்படி இருக்கு?" மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனால் அலங்காரத்தில் நிறத்தை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அந்தக் கூப்பிடுவதையும் கவனியுங்கள். கைவேலை அடுத்த வீட்டோடு பேச ஒரு காரணம் கொடுக்கிறது. சேர்ந்து பாடுவதில் இது இன்னும் அதிகம். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மார்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. 10 வாரத்தில் எல்லோருக்கும் ஓரளவு தேறியது. ஆனால் அறிகுறி கொஞ்சம் கடுமையாக இருந்தவர்களில், குழந்தையோடு குழுவாகப் பாடப் போனவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். மார்கழி பஜனையோ, சர்ச் பாட்டுக் குழுவோ, எங்கள் பக்கத்துப் பேரகணியில் படகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவதோ, உங்கள் ஊரில் என்ன இருக்கிறதோ அதில் பின்வரிசையில் நின்று பாடுங்கள். குரல் யாருக்கும் தனியாகக் கேட்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நீங்கள் சுமாராகப் பின்னினால்கூட யாராவது வந்து "நல்லா இருக்கே, விக்கலாமே" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் விலை என்று ஒன்று வந்ததும் அளவு, கெடு, குறை எல்லாம் கூடவே வரும், ஆபீஸ் இன்னொரு ரூபத்தில் வீட்டுக்குள் வந்துவிடும். போனில் படம் எடுத்துப் போட்டு எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று பார்ப்பதும் அப்படித்தான். பிழைப்புக்குச் செய்பவர்கள் கணக்கு வேறு. மனசுக்காகத் தொடங்குகிற நீங்கள் முதல் சில மாதமாவது யாருக்கும் விற்காதீர்கள், காட்டவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோய் வராமல் தடுப்பதிலும் வந்ததைச் சமாளிப்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இது சிகிச்சையோடு கூட வருவது, சிகிச்சைக்குப் பதில் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனசு இறங்கியே இருந்தால், பிடித்த விஷயமும் பிடிக்காமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், டாக்டரைப் பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் பார்க்கலாம். 14416 என்ற டெலி மனஸ், அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் போய் "ஏதாவது படம் வரை, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். ஊசியைத் தூக்கக் கை வரவில்லை என்றால் அது நோயின் வேலை, சோம்பேறித்தனம் இல்லை.

சரி, எதில் ஆரம்பிப்பது? உங்கள் ரொம்ப மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக எடுங்கள். கோலம் தெரிந்தால் நோட்டில் தினம் ஒரு சிக்குக் கோலம் போதும். எங்கள் ஊர் மழையில் வாசல் கோலம் நிற்காததால் இங்கே பலர் அப்படித்தான் போட்டுப் பழகுகிறோம். பின்னல் என்றால் ஸ்வெட்டர் வேண்டாம், கை, கழுத்து என்று அளவு பார்த்தே அலுத்துவிடும். மஃப்ளர் எடுங்கள், நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம், எங்கே நிறுத்தினாலும் தப்பில்லை. தடித்த நூல், தடித்த ஊசி. கறுப்பும் கருநீலமும் வாங்காதீர்கள், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. வெளிர் மஞ்சள், சந்தன நிறம் மாதிரி ஏதாவது வாங்குங்கள். மஃப்ளர் முடிந்துவிட்டால் பிரித்து அதே நூலில் மறுபடி போடலாம், அண்ணி இன்னும் அப்படித்தான் செய்கிறார்.