எழுதாத ‘எம்2சி’யை மேக் ஏன் தேடுகிறது?

கேள்வி: செம்பனைத் தோட்டத்து மழைப் பதிவையும் மாதாந்திரக் குலை எடையையும் ஒப்பிட ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். ஹுஜான்.எஃப்90 கோப்பில் ஹுஜான் என்ற மாட்யூல் (முதன்மை நிரல் பயன்படுத்தும் தனிப் பகுதி), ஹாசில்.எஃப்90 கோப்பில் முதன்மை நிரல். நிரலைக் கட்டும் ‘மேக்’ கருவிக்கான மேக்ஃபைலில், .எஃப்90 கோப்பிலிருந்து கம்பைல் ஆன .ஓ கோப்பை உண்டாக்க ‘.எஃப்90.ஓ:’ என்று விதி எழுதி, .எஃப்90-ஐ சஃபிக்சஸ் வரியிலும் (கோப்புப் பின்னொட்டுகளின் பட்டியல்) சேர்த்தேன். முதல் தடவை நன்றாக ஓடியது. ‘மேக் கிளீன்’ கொடுத்து மறுபடி ஓட்டினால் ‘எம்2சி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கிறது. ஃபோர்ட்ரான் கம்பைலரான (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) ஜிஃபோர்ட்ரானை மறுபடி நிறுவியும் பயனில்லை. (வாசகர், சுங்கை சிப்பூட்)

பதில்: ஜிஃபோர்ட்ரான் மேல் தப்பில்லை. நீங்கள் ஓட்டும் மேக் கருவியான குனு மேக்கில் நீங்கள் எழுதாமலே சில விதிகள் உண்டு. .எஃப் கோப்புக்கு விதி இருக்கிறது, .எஃப்90-க்குக் கிடையாது. ஆனால் .மோட் கோப்புக்கு ஒன்று இருக்கிறது, அது மாடுலா-2 மொழிக்கானது. எம்2சி அந்த மொழியின் கம்பைலர்.

ஜிஃபோர்ட்ரான் உங்கள் மாட்யூலைக் கம்பைல் செய்யும்போது ஹுஜான்.மோட் கோப்பையும் உண்டாக்கும். முதல் ஓட்டத்தில் அது இல்லை, அதனால் சிக்கல் இல்லை. உங்கள் கிளீன் .ஓ கோப்புகளை மட்டும் அழித்து, .மோட் கோப்பை விட்டுவைத்திருக்கிறது. சஃபிக்சஸ் பட்டியலில் .மோட் முன்பே இருக்கிறது, நீங்கள் சேர்த்த .எஃப்90 கடைசியில் போய் நிற்கிறது. மேக் வரிசைப்படி பார்த்து .மோட் கோப்பையே மூலமாக எடுத்துக்கொள்கிறது.

பிழை காட்டி நின்றது உண்மையில் நல்லது. கிளீன் செய்யாமல் ஹுஜான்.எஃப்90-ஐத் திருத்தியிருந்தால், மேக் .மோட்டின் நேரத்தைப் பார்த்து, ‘.ஓ அதைவிடப் புதியது’ என்று சும்மா இருந்துவிடும். பழைய கணக்கே வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. திருத்தியும் விடை மாறாத நாள் ஏதாவது இருந்தால் அந்தக் கணக்குகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இனி திருத்தம். கீழே உள்ளவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பழைய ‘.எஃப்90.ஓ:’ விதியை எடுத்துவிட்டு ‘%.ஓ: %.எஃப்90’ என்று எழுதி, கட்டளையை அடுத்த வரியில் டேப் வைத்துத் தொடங்குங்கள். வெற்று இடைவெளி விட்டால் மேக் ஏற்காது. தனி வரியில் ‘%.ஓ: %.மோட்’ என்று மட்டும் எழுதி, கட்டளை எதுவும் தராமல் விடுங்கள். மாடுலா விதி அதோடு ரத்து. கிளீனில் *.மோட்-ஐயும் சேருங்கள். ‘ஹாசில்.ஓ: ஹுஜான்.ஓ’ என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் ஓட்டும் ‘மேக் -ஜே4’ கொடுக்கும்போது மாட்யூல் தயாராகும் முன்பே முதன்மை நிரல் அதைத் தேடி விழும்.

சரியானதா என்று பார்க்க, ஹுஜான்.ஓ-வை அழித்துவிட்டு ‘மேக் -என் ஹுஜான்.ஓ’ கொடுங்கள். எதையும் ஓட்டாமல் கட்டளையை மட்டும் காட்டும். அதில் ஜிஃபோர்ட்ரான் வரவேண்டும். எஃப்77 வந்தால், ஃபோர்ட்ரான் கம்பைலரின் பெயரை வைக்கும் எஃப்சி என்ற மாறிக்கு ‘எஃப்சி ?= ஜிஃபோர்ட்ரான்’ என்று எழுதியிருப்பீர்கள். எஃப்சி-க்கு மேக் முன்னதாகவே எஃப்77 என்ற மதிப்பைக் கொடுத்து வைத்திருப்பதால் ‘?=’ (ஏற்கனவே மதிப்பு இல்லாவிட்டால் மட்டும் கொடு) அங்கே வேலை செய்யாது; வெறும் ‘=’ போடுங்கள்.

.ஓ கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கட்டத்தில் ‘_ஜிஃபோர்ட்ரான்_’ என்று தொடங்கும் பெயர்கள் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று வரிசையாக வந்தால், மேக் சி கம்பைலரைக் கொண்டு இணைக்கிறது என்று பொருள். ஹாசில் என்ற முழு நிரலுக்கு நீங்களே விதி எழுதி, $(எஃப்சி) கொண்டு இணையுங்கள்.