எரித்துப் பார்த்ததை ஏவ முடியாது

(ராக்கெட் பூஸ்டர்களின் தரைச் சோதனை பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு, விண்வெளித் துறையின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.)

வாசகர், திண்டுக்கல்: ககன்யானுக்கான பூஸ்டரைத் தரையிலேயே கட்டிப்போட்டு எரித்தார்கள் என்று படித்தேன். இருநூறு டன் எரிபொருளை இரண்டே நிமிடத்தில் புகையாக்குவது வீண்செலவு இல்லையா, ஐயா?

2022 மே 13 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த எச்எஸ்200 பூஸ்டர் சோதனையைச் சொல்கிறீர்கள். 20 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் விட்டம், 203 டன் திட எரிபொருள். 135 விநாடியில் எல்லாம் தீர்ந்தது. அதன் மூத்த வடிவமான எஸ்200-ஐயும் 2010 ஜனவரி 24, 2011, 2015 என்று மூன்று முறை இப்படி எரித்திருக்கிறார்கள்.

செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியைச் சொல்லுங்கள். திரவ என்ஜினைச் சோதனை மேடையில் சிறிது நேரம் ஓட்டி, அணைத்து, பரிசோதித்து, அதையே ராக்கெட்டில் பொருத்தலாம். இந்தப் பூஸ்டர் போன்ற திட எரிபொருள் என்ஜினை நாங்கள் மோட்டார் என்போம்; அதற்கு அணைக்கும் வால்வு கிடையாது. பற்றவைத்தால் தீரும்வரை எரியும். ஆகவே சோதித்த மோட்டாரை ஏவ முடியாது. ஏவப்போகும் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. அப்படியானால் மேடையில் எதைத்தான் சோதிக்கிறோம்? அந்த மோட்டாரைச் செய்த விதத்தை. இதே மாவு, இதே அச்சு, இதே கைகள். நாளைக்கு இன்னொன்று செய்தால் அதுவும் இதே போல எரியும் என்று சொல்லும் தைரியத்துக்குத்தான் அந்த இருநூறு டன்.

இன்னொன்று. ககன்யானைச் சுமக்கும் எல்விஎம்3 ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும்போது எரிவது இரண்டு பக்கத்து பூஸ்டர்கள் மட்டும். நடுவிலுள்ள திரவ என்ஜின்கள் பிறகு, வானத்தில்தான் பற்றிக்கொள்ளும். மேலே மனிதர்களை உட்காரவைத்து அனுப்பும்போது இந்த இரண்டையும் நம்பித்தான் எழும்ப வேண்டும்.

வாசகி, கும்பகோணம்: திட எரிபொருள் என்றால் வெடிமருந்துக் கட்டியா? அதில் என்ன தவறு நேரக்கூடும்?

அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியப் பொடி, இரண்டையும் பிணைக்க எச்டிபிபி என்னும் பாலிமர். இதுதான் கலவை. குழைத்து, எஃகு உறைக்குள் ஊற்றி, மிதமான சூட்டில் நாள்கணக்கில் இறுகவிடுவார்கள். இறுகிய பிறகு தொட்டால் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் போல இருக்கும்.

நடுவில் நீளவாக்கில் துளை உண்டு. தீ அந்தத் துளையின் சுவரில் பற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டு போகும். எரியும் பரப்பு கூடினால் அழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். அதனால்தான் எஸ்200-இன் தலைப்பகுதியில் துளையை நட்சத்திர வடிவில் அமைத்திருக்கிறார்கள்: தொடக்கத்தில் பரப்பு அதிகம், கிளம்புவதற்கு வேண்டிய வேகம் கிடைக்கும்.

தவறு எங்கே வரும் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எரிபொருளில் ஒரு விரிசல் இருந்தால், அதன் இரு சுவர்களும் கணக்கில் வராத பரப்பு. எரிபொருளுக்கும் உறையின் உட்பூச்சுக்கும் இடையே ஒட்டு விட்டிருந்தால், தீ குறித்த நேரத்துக்கு முன்பே எஃகைத் தொட்டுவிடும். எனவே ஒவ்வொரு பகுதியையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்துத் தனியாக எரித்துப் பார்ப்பார்கள். மோட்டாரின் தலையெழுத்து மேடைக்கு வருமுன்பே பாதிக்கு மேல் எழுதப்பட்டுவிடுகிறது.

பொறியியல் மாணவர், கோவில்பட்டி: இந்தக் காலத்தில் கணினியிலேயே எல்லாவற்றையும் கணக்கிடலாமே?

தம்பி, 1991 ஏப்ரல் 1-இல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் டைட்டன்-4 ராக்கெட்டின் புதிய பூஸ்டரைச் சோதித்தார்கள். பற்றவைத்து இரண்டு விநாடி ஆகுமுன் வெடித்தது. பாய்ந்து வந்த வாயு எரிபொருளின் விளிம்பை உள்பக்கமாக வளைத்திருக்கிறது; வழி குறுகியது, அழுத்தம் எகிறியது, உறை தாங்கவில்லை. வாயு ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, எரிபொருள் வளைவதற்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டால் இது கண்ணில் படாது. ஒன்று மற்றொன்றை மாற்றிக்கொண்டே போகிறது. வெடித்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு வடிவத்தைத் திருத்தினார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஜப்பானின் எப்சிலான் எஸ் ராக்கெட்டின் இரண்டாம் நிலை மோட்டார் 2023 ஜூலையில் நோஷிரோ சோதனை மையத்தில் வெடித்தது. பற்றவைக்கும் கருவியின் ஒரு பாகம் உருகிச் சிதறிக் காப்புப் பூச்சைக் கெடுத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 2024 நவம்பரில் தனேகஷிமாவில் மறுபடி சோதித்தார்கள். மறுபடி வெடித்தது. கணினியைக் குறை சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

வாசகர், வேலூர்: ராக்கெட் நேராக நின்று பறக்கிறது. சோதனையில் மட்டும் ஏன் படுக்கவைக்கிறார்கள்?

வசதிக்காக. படுக்கவைத்தால் முன்பக்கம் ஒரு கான்கிரீட் மலையில் முட்டுக் கொடுத்துவிடலாம். தீ பின்பக்கம் திறந்த வெளியில் போகும்.

செங்குத்தாகவும் செய்திருக்கிறார்கள், அதுவும் தலைகீழாக. 1965 முதல் 1967 வரை ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் ஆழமான கிணறு வெட்டி, 260 அங்குல விட்டமுள்ள மோட்டாரைத் தலை கீழே, வாய் மேலே இருக்கும்படி இறக்கி எரித்தார்கள். தீ வானத்தை நோக்கிப் போனது. மோட்டார் பூமியை அழுத்தியது. மூன்று முறை எரித்தார்கள். மூன்றாவதில் நாசில், அதாவது தீ வெளியேறும் வாய்ப்பகுதி, உடைந்து, எரியாத எரிபொருள் துண்டுகளும் அமிலமும் பக்கத்து விளைநிலங்களில் விழுந்தன. பறந்து போக ராக்கெட் எதுவும் கிடைக்காமலேயே அந்தத் திட்டம் முடிந்துபோனது. எனக்கு இன்றும் அந்தக் கிணற்றுக்காரர்கள் மேல் ஒரு பொறாமை உண்டு.

ஆசிரியை, காரைக்குடி: அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் அந்த வேலையின் கொடுமை. எச்எஸ்200 சோதனையில் சுமார் 700 அளவீடுகள் பதிவாயின: அழுத்தம், உந்துவிசை, வெப்பம், அதிர்வு, எஃகின் நெளிவு. அத்தனை கருவிகளையும் ஒட்டி, கம்பி இழுத்து, ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் முன்பே முடிந்துவிடும். எரியத் தொடங்கிய பிறகு ஒரு ஒட்டு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். போய் ஒட்ட முடியுமா?

உந்துவிசையை அளப்பது பார்ப்பதற்கு எளிது. எஸ்200 தள்ளுவது உச்சத்தில் 500 டன். முன்னால் லோடு செல் என்னும் விசை அளக்கும் கருவியை வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் உள்ளே அழுத்தம் ஏறியதும் மோட்டாரே சற்று நீளும், பருக்கும். அதைத் தாங்கும் கால்கள் கொஞ்சம் விசையைத் திருடிக்கொள்ளும். அதனால் கால்கள் வளைந்து கொடுக்க வேண்டும், மோட்டாரோ நகரக் கூடாது. இதைச் சரிக்கட்டத்தான் எங்கள் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மறுநாள் பத்திரிகையில் "சோதனை வெற்றி" என்று இரண்டு சொல் வரும். எங்களுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும்: அழுத்தக் கோடு கணித்த கோட்டோடு எங்கே விலகியது, நாசில் தொண்டை எவ்வளவு தேய்ந்தது, காப்புப் பூச்சு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்.

இன்னும் சொன்னால், நன்றாக எரியும் மோட்டாரை எரிப்பது பாதிச் சோதனைதான். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் பூஸ்டர் இணைப்பால் அழிந்தபின், 1988 ஆகஸ்டில் யூட்டாவில் ஒரு பூஸ்டரின் இணைப்புகளில் வேண்டுமென்றே குறைகளை வைத்து எரித்தார்கள், தாங்கியது. அதே ஊரில் 2015-இல் ஒரு பூஸ்டரை 32 டிகிரி வரை சூடேற்றியும், 2016-இல் இன்னொன்றை 4 டிகிரிக்குக் குளிரவைத்தும் எரித்தார்கள். சூடான எரிபொருள் வேகமாக எரியும், குளிர்ந்தது மெதுவாக; இரு ஓரங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிச் சோதிப்பவர்களைத்தான் நான் நம்புவேன்.

வாசகர், பொன்னேரி: அந்தப் புகை கெடுதலா?

அருகில் கெடுதல்தான். வெண்மையாகத் தெரிவதில் பெரும்பகுதி அலுமினியம் ஆக்சைடு தூள். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். காற்றின் திசை பார்க்காமல் பெரிய மோட்டாரைப் பற்றவைக்கக் கூடாது.

வாசகி, நாகர்கோவில்: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். ராக்கெட் வேலை பொறியாளர்களுக்கு மட்டும்தானா?

மேலே எச்டிபிபி என்று எழுதினேனே, அது முழுக்க வேதியியலாளர்களின் பிள்ளை. அம்மோனியம் பெர்குளோரேட்டுக்கு இஸ்ரோ ஆலுவாவில் தனி ஆலையே வைத்திருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் சயன்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பாலிமர் பாடத்தை மட்டும் தேர்வோடு மறந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.