கீரை என்றாலே வாயை மூடும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. "கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்று சொல்லித்தான் ஊட்டுகிறேன். இப்போது கீரைக் கிண்ணத்தைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பேரத்தை நிறுத்துங்கள். பரிசு கொடுத்து ஊட்டினால், கீரை ஒரு தண்டனை, ஐஸ்கிரீம்தான் உசத்தி என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். 2 முதல் 6 வயதுவரை புது உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. அதை அடம் என்று எண்ணாதீர்கள்.

மசித்த கீரை ஒரே ஒரு டீஸ்பூன், அவளுக்குப் பிடித்த பருப்பு சாதத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே கலந்து ஒளிக்க வேண்டாம். கண்டுபிடித்தால் பருப்பு சாதத்தையும் சேர்த்து ஒதுக்குவாள். தொட்டாலும், முகர்ந்தாலும், துப்பினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். பல குழந்தைகளுக்கு 8 முதல் 15 தடவை ருசி பார்த்த பிறகே ஒரு உணவு பிடிக்க ஆரம்பிக்கும். நாம்தான் நாலைந்து தடவையோடு சலித்துவிடுகிறோம்.

தனியாக உட்காரவைத்து ஊட்டவும் வேண்டாம். கீரையை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் லீஆன் பிர்ச் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு காய் பிடித்த பிள்ளைகளோடு சில நாள் சாப்பிட்ட மழலையர், முன்பு தாங்கள் ஒதுக்கிய அந்தக் காயையே எடுக்கத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பால், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். எடை ஏறாவிட்டாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.