கறுப்புத் திரையில் காணாமல் போகும் நீலம்: கணினி கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வருக்குள் என் மடிக்கணினியிலிருந்து புட்டி என்ற இணைப்பு மென்பொருள் வழியாக நுழைந்து, விம் எடிட்டரில் நிரல் எழுதுகிறேன். நிரல் வரிகள் நன்றாகத் தெரிகின்றன. கமென்ட் (விளக்கக் குறிப்பு) வரிகள் மட்டும் கறுப்புப் பின்னணியில் அடர்நீலமாக வருவதால், திரையருகே குனிந்தால்தான் படிக்க முடிகிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டியும் பயனில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
— கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன், விம் செய்துகொண்ட ஒரு தவறான ஊகத்தைத் திருத்திப் பாருங்கள். விம்மிடம் வெளிர் பின்னணிக்கு ஒன்று, இருண்ட பின்னணிக்கு ஒன்று என இரண்டு நிறப் பட்டியல்கள் இருக்கின்றன. தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் விம்முக்கு உங்கள் திரை கறுப்பா வெள்ளையா என்பது தெரியாது. டெர்மினலை, அதாவது எழுத்துகளைத் திரையில் காட்டும் புட்டி போன்ற மென்பொருளைக் கேட்டுப் பார்க்கும், விடை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் வெளிர் பின்னணி என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் கமென்டுக்கு உரியது அடர்நீலம். வெள்ளைத் தாளில் நீல மை எவ்வளவு தெளிவோ, கரும்பலகையில் அதே மை அவ்வளவு மங்கல்.

எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி இட்டு, 'செட் பேக்கிரவுண்ட்=டார்க்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். சமக்குறிக்குப் பின் இடைவெளி விட்டால் விம் ஏற்காது. கமென்ட் வரிகள் உடனே வெளிர்நீலத்துக்கு மாறினால், காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும். அதே கட்டளையை, முக்காற்புள்ளி இல்லாமல், விம் தொடங்கும்போது படிக்கும் உங்கள் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை.

வெளிச்சத்தைக் கூட்டியது ஏன் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்சிடி திரையில் பின்விளக்கைக் கூட்டும்போது எழுத்தோடு சேர்ந்து கறுப்பும் அதே விகிதத்தில் வெளிறுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறுவதில்லை. படிக்க உதவுவது அந்த விகிதம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதல் அதை 1 முதல் 21 வரையிலான அளவில் கணக்கிட்டு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. திரையின் வெண்மையில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 71.5 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21.3, நீலத்தின் பங்கு வெறும் 7.2 என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. ஆகவே, கலப்பற்ற நீலத்தை அதன் முழு அளவில் காட்டினாலும் கறுப்பின் மீது அதன் விகிதம் சுமார் 2.4-ஐத் தாண்டாது. அடர்நீலம் என்றால் இன்னும் மோசம்.

இன்னொரு வழியும் உண்டு. விம் பல வேளைகளில் 'நான்காம் எண் நிறம்' என்று மட்டுமே சொல்கிறது; அந்த எண்ணுக்கு எந்த நீலத்தைக் காட்டுவது என்பது டெர்மினலின் பொறுப்பு. விண்டோஸின் கட்டளைத் திரையான கன்சோலில் நெடுங்காலம் இருந்த அடர்நீலம் (0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128) கறுப்பின் மீது 1.3 விகிதமே தந்தது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் அதைப் பச்சை 55, நீலம் 218 என்று மாற்றியது. புட்டியின் அமைப்புகளில் நிறங்களுக்கான பகுதிக்குச் சென்று நீங்களும் அந்த நீலத்தில் சிறிது பச்சையைக் கலக்கலாம். நீலத்தைக் கூட்டுவதைவிடப் பச்சையைக் கூட்டுவதே பலன் தரும். அங்குள்ள சாதாரண நீலம், தடித்த எழுத்துக்கான நீலம் ('ஆன்சி புளூ', 'ஆன்சி புளூ போல்ட்') இரண்டிலும் இதைச் செய்தால், விம்மில் மட்டுமல்லாமல் கோப்புறைப் பட்டியலிலும் நீலப் பெயர்கள் தெளிவாகும்.

கேள்வி: விஎஸ் கோட் எடிட்டரில் வெள்ளைத் தீம் (நிறத் தொகுப்பு) ஒன்றை இறக்கிப் பயன்படுத்துகிறேன். கமென்டின் சாம்பல் நிறம் மங்கலாக இருக்கிறது என்கிறேன். உடன் பணிபுரிபவர் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
— மென்பொருள் ஊழியர் ஒருவர்

பதில்: இருவரும் வாதிட வேண்டாம், அளந்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி, 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்' என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்து, கமென்டின் மீது கர்சரை வையுங்கள். எழுத்தின் நிறம், பின்னணியின் நிறம், இரண்டின் விகிதம் ஆகிய மூன்றும் ஒரு பெட்டியில் வரும். தூய வெள்ளையின் மீது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 118 ஆக இருக்கும் சாம்பல் 4.54 பெற்றுத் தேறும். 119 ஆனால் 4.48 ஆகித் தவறிவிடும். இந்த ஒரு புள்ளி வேறுபாட்டை எந்தக் கண்ணும் உணராது என்பதால், எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்காமல் 100-க்குக் கீழே இறங்கிவிடுவது என் வழக்கம். தீமை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. அமைப்புகளில் டோக்கன் (நிரலின் கூறு) நிறங்களுக்கான பகுதியில் கமென்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஏதோ விசைகளை அழுத்திவிட்டேன், விண்டோஸும் எடிட்டரும் கன்னங்கறுப்பாகிவிட்டன. எப்படி மீட்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் எழுத்தும் பின்னணியும் பெரிதும் வேறுபட்டுத் தெரியும் உயர் காண்ட்ராஸ்ட் நிலை வரும், மறுபடியும் அழுத்தினால் போய்விடும். விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் விண்டோஸைப் பார்த்துத் தாமும் மாறிக்கொள்வதால், அவற்றைத் தனியே திருத்த வேண்டியதில்லை.