கல்லாப்பெட்டியும் இரவு வேலையும்

தென்காசியிலிருந்து அடுத்த மாதம் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகும் தம்பி, அங்கே மோட்டலில் இரவு வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா, ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் வந்திருப்பதால் பதில் எழுத நேரம் கிடைத்தது.

முதலில் விசா. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவர் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது. உள்ளே, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவர், ஏதாவது நடந்தால் உங்களை யாரென்றே தெரியாது என்பார்.

நான் கிரீன் கார்டில், அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கும் அனுமதியில், போனவன். நான்கு ஆண்டு மோட்டல் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஒரு நாள் விடியற்காலை, இரண்டு மைல் தள்ளியிருந்த மோட்டலில் கொள்ளை. மேசையில் இருந்த சூரத்துக்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் இரண்டு துப்பறிவாளர்கள் எங்களிடமும் வந்தார்கள். பதிவு அட்டைகள், கேமரா பதிவு, எந்த அறைக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பூட்டின் கணக்கு, எல்லாம் கேட்டார்கள். விருந்தினர் எழுதும் கார் எண்ணை நான் நம்புவதில்லை; வெளியே போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். இரண்டு நாள் முன்பு தங்கிய ஒருவன் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தான். நான் குறித்த எண்ணை வைத்துத்தான் ஆறாம் நாள் பக்கத்து மாநிலத்தில் கொள்ளையர்களைப் பிடித்தார்கள். காரை ஓட்டியவன்மேலும் கொலைக் குற்றச்சாட்டு. கொள்ளையின்போது உயிர் போனால், பல மாநிலங்களில் கூட்டாளிக்கும் அதே கதிதான். கைதோடு முடியவில்லை; ஒன்றரை ஆண்டு கழித்து அந்த எண்ணை எழுதிய பதிவு அட்டைக்காக நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தில் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்கள். துப்பாக்கியைக் கண்ட பிறகும் அந்தச் சூரத்துக்காரர் பண டிராயரைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். இதே அம்பையில் பலசரக்குக் கடை. சாப்பிடப் போனாலும் கல்லாச் சாவி இடுப்பில் இருக்கும். அந்த வளர்ப்பு எனக்கும் இருந்தது. முதலாளி சொன்ன விதியோ நேர்மாறானது: கேட்டால் கொடு, முகத்தை உற்றுப் பார்க்காதே, அவன் போன பிறகு அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடு. டிராயரில் சில்லறைக்கு மட்டும் வைத்து, மற்றதை நாங்களே திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் போட்டுவிடுவோம்.

நீங்கள் வளாக நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வேலைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 20ஆம் தேதி வரை ஊரில்தான் இருப்பேன். அம்பை பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.