முதல் ஸ்கூபா பயணத்துக்கு அந்தமானா, மாலத்தீவா, கோ தாவா, பாலியா?

நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, நீச்சல் சுமார்தான், மே விடுமுறையில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள இந்த நான்கில் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் தாய்லாந்தின் கோ தாவ். அது முடியாவிட்டால் அந்தமானின் ஹேவ்லாக் தீவு (இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப்). பாலியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவு அதற்கும் அப்புறம்.

மாலத்தீவுப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அங்கே கடல் மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பேர்போன டைவ் இடங்கள் பலவும் பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல்நீர் புகுந்து வெளியேறும் கால்வாய்களில் இருக்கின்றன. நீர் ஓடுவதால்தான் சுறாவும் திருக்கையும் அங்கே வந்து கூடுகின்றன. அந்த ஓட்டத்தில் புதிதாக இறங்கியவர் மாஸ்க்கைச் சரிசெய்வாரா, காதைக் கவனிப்பாரா, கூட வந்தவர்களைத் தவறவிடாமல் போவாரா? கரையோரக் களப்பில் அமைதியாகக் கற்றுத்தருகிறார்களே என்றால், உண்மைதான். 2009க்குப் பிறகு உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் வந்து செலவும் குறைந்திருக்கிறது. ஆனாலும் அவ்வளவு தூரம் போய்க் களப்பில் மட்டும் முழுகிவிட்டு வர மனசு கேட்காது. படகில் ஏறச் சொல்லும்.

நான் இவ்வளவு உறுதியாகப் பேசக் காரணம் என் காது. பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அதனால் காது படுத்துவதெல்லாம் பெரும்பாலும் முதல் சில மீட்டரில்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைத் திறந்து திறந்து இறங்க வேண்டும். சிலருக்கு உடனே திறக்கும். எனக்குத் திறக்காது, நேரம் எடுக்கும்.

ஹேவ்லாக்கில் முதல்முதலாக இறங்கியபோது, நீச்சல் தெரியாதவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் திட்டத்தில்தான் சேர்ந்தேன். டைவ் கடையின் பெயர் வேண்டாம். கூட்டிப்போன பையன் பின்னாலிருந்து என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு என்னைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். காதைத் தொட்டுக் காட்டினேன். கையை ஆட்டினேன். அவன் சரி என்று விரலைக் காட்டிவிட்டுக் கேமராவைப் பார்க்கச் சொன்னான். கரையில் அடுத்த கூட்டம் உடை மாட்டிக்கொண்டு நின்றது, அவனுக்கு அந்த அவசரம். வீடியோவில் நான் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகும் அந்தக் காதில் சரியாகக் கேட்கவில்லை, காது டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று.

இதை வைத்து அந்தமானைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டைவிங் சான்றிதழ் வாங்கிய பிறகு அதே ஹேவ்லாக்குக்கு வேறொரு கடை மூலம் போனேன். ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் மாதிரி டைவ் இடங்கள் நம் நாட்டில் இருப்பதே பெருமை. அவசரப்படுத்துகிற வியாபாரத்தின் மேல்தான் என் கோபம்.

கோ தாவில் நடந்ததே வேறு. சான்றிதழ் தரும் முதல்நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸின் முதல் கடல் இறக்கத்தில் மிதவையிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக் கை மாற்றி மாற்றி இறங்கினேன். மூன்று மீட்டரில் காது அடைத்துக்கொண்டது. பயிற்சி தந்த பெண் என் கண்ணுக்கு நேரே வந்து நின்று, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு மீட்டர் மேலே ஏற்றினாள். காத்திருந்தாள். மறுபடி கொஞ்சம் இறங்கச் சொன்னாள், மறுபடி ஏற்றினாள். மற்றவர்கள் உதவியாளரோடு கீழே மணலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் 'கீச்' என்று ஒரு சத்தம், காது திறந்துவிட்டது. அன்றைக்கு அவள் காத்திருக்காவிட்டால் நான் இந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்தத் தீவே இந்தத் தொழிலை நம்பித்தான் வாழ்கிறது. சின்னத் தீவில் அத்தனை டைவ் பள்ளிகள், போட்டியில் கட்டணமும் குறைவு.  மணல் தரையுள்ள ஆழமில்லாத விரிகுடாக்கள் இருக்கின்றன, மே மாதம் கடலும் பெரும்பாலும் அமைதி. அந்தமான் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருக்காது, அதை மறைக்கவில்லை. நவம்பர் பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே அதுதான் மழைக்காலம். அந்தமானில் இதற்கு நேர் எதிர். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், தீபாவளி ஒட்டி மறுபடி சீசன் தொடங்கும்.

நீச்சல் சுமார் என்றீர்களே, கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, எப்படி நீந்தினாலும் சரி. அதற்குப் பயிற்சி எடுக்க நம்மூர் நீச்சல்குளத்துக்குப் போனால்தான் தெரியும் கதை. எங்கள் ஊர்க் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கியது முற்பகல் ஒரு மணி நேரம். வேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? காலையும் மாலையும் ஆண்களுக்கு. கேட்டால், பெண்கள் யாரும் வருவதில்லை என்று பதில். வர முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு வருவதில்லை என்றால் என்ன நியாயம்? கடற்கரை மாநிலத்தில் பிறந்து, தண்ணீரைக் கண்டால் பயப்படும் பெண்களாகவே நம்மை வளர்த்திருக்கிறார்கள். உடை பற்றி, நிறம் கறுத்துவிடும் என்பது பற்றி வந்த அறிவுரைகளை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

பாலியை ஏன் தள்ளிவைத்தேன் என்றால், எல்லோரும் ஆசைப்படும், பக்கத்துத் தீவான நூசா பெனிடாவில் தண்ணீர் சில நேரம் குளிரில் நடுக்கும், ஓட்டமும் பலம். ஆனால் பாலிக் கரையோர ஊரான துலம்பென் போகாமல் இருந்துவிடாதீர்கள். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டி அங்கே கரையில் ஏற்றி விடப்பட்டது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்று கரையிலிருந்தே நீந்திப்போய்ப் பார்க்கலாம். நான் உருண்டைக் கருங்கற்களில் தடுமாறி நடக்கும்போது, அந்த ஊர்ப் பெண்கள் சும்மாடு வைத்து எங்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்துகொண்டு அதே கற்கள்மேல் விறுவிறுவென்று போனார்கள். கப்பலைவிட அவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

லட்சத்தீவை விட்டுவிட்டாளே என்பவர்களுக்கு: அருமையான இடம்தான், ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், மே பாதிக்கு மேல் கடலும் கலங்கிவிடும். முதல் பயணத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். 45 வயதைத் தாண்டி ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஏதாவது இருந்தால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், அதை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. பல டைவ் போட்டால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். முன்பணம் கட்டும் முன், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். விதிப்படி எட்டுப் பேர் வரை போகலாம். நான்குக்கு மேல் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.