கழுத்து வலியும் மனசும்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடம் முன்பு தொப்பூர் கணவாயில் நாங்கள் வந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்தது. காயம் இல்லை, ஆனால் அன்று பிடித்த கழுத்து வலி இன்னும் விடவில்லை. ஸ்கேனில் ஜவ்வு லேசாகத் தள்ளியிருக்கிறது என்றார்கள். சுளுக்கு வழித்தாயிற்று. பட்டையும் கழுத்தோடேயே இருக்கிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர், "மனசும் ஒரு காரணம்" என்றார். அதிலிருந்து வீட்டில் நான் நடிக்கிறேன் என்கிறார்கள். தூக்கம் இல்லை. பைக் எடுத்தே ஒரு வருடமாகிறது. என் வலி பொய்யா?

வாசகர், காரிமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

பொய்யில்லை. டாக்டர் சொன்னதும் சரிதான், வீட்டார் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979இல் தந்த வரையறையே, வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் கலந்த அனுபவம் என்கிறது. 2020இல் திருத்தியபோதும் அதை மாற்றவில்லை. மனசுக்குப் பங்கில்லாத வலி யாருக்கும் கிடையாது, பல் வலி உட்பட.

ஸ்கேன் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். அதில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு தள்ளியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

அப்புறம் ஏன் வலி நிற்கவில்லை? மாதக்கணக்கில் நீடிக்கிற வலியில், அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகள் சின்ன அசைவைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். திருப்பினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று உடம்போடு சேர்த்துத் திரும்புகிறோம். அசையாத தசை இறுகிப் பலம் இழக்கிறது. பிறகு லேசாகத் திருப்பினாலே வலிக்கிறது, பயந்தது சரிதான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. தூக்கமும் கெட்டால் வலி இன்னும் பெரிதாகத் தெரியும். விபத்தில் கழுத்து அடிபட்டவர்களில், இனி சரியாகாது என்று நம்புகிறவர்களுக்குக் குணமாவது தாமதமாகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஸ்கேனைவிட, நீங்கள் பைக் எடுக்காததை நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பில் படிந்தால் கழுத்தும் முதுகும் விறைத்துப்போவது உண்டு. சின்ன வயதிலிருந்து எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கை மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பட்டையை விடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும்படி கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கப் பழகுங்கள். பைக்கை முதலில் தெருமுனை வரை எடுத்தால் போதும். இந்தப் பயத்தைப் பேசியும் பழகியும் குறைக்கிற மனநல சிகிச்சை இருக்கிறது. பலன் மிதமானதுதான், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்வது நல்லது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். தூங்க முடியாத ராத்திரிகளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். "மனசும் ஒரு காரணம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவர்கள் எதிரிலேயே கேளுங்கள்.